கூர்க்கா தேசப்பனின் சொந்தக் குரல்

கோடம்பாக்கத்தில் யாருடைய போனை வாங்கித் தேடினாலும் என் தங்கை புருஷன் பெயர் 'கூர்க்கா தேசப்பன்' என்றுதான் இருக்கும். சிலர் போனில் 'சைனா தேசப்பன்'. ஒரு தயாரிப்பு நிர்வாகி 'ஜப்பான் அண்ணன்' என்று போட்டு வைத்திருந்ததை நானே பார்த்தேன். இத்தனைக்கும் இந்த மனுஷன் பாஸ்போர்ட் எடுத்தது கிடையாது. நேபாளம், சீனா, ஜப்பான் மூன்றையும் அவர் பார்த்தது டிவியில், அதுவும் எங்கள் வீட்டு டிவியில், என் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு.

அவர் பிறந்தது ரங்கூனில். அப்பா அங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழர். அம்மா மா ச்சோ, பர்மாக்காரி. அறுபதுகளில் தமிழர்களை அங்கிருந்து கிளப்பிவிட்டபோது, மூன்று பேரும் கப்பலேறி சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். மற்றவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். மா ச்சோ தன் ஊரைவிட்டு வந்தாள். எண்ணூர் பக்கம் பர்மா நகரில் ஒரு குடிசை கிடைத்தது. வாசலில் அடுப்பைப் போட்டு அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்றே அந்தம்மாள் மகனை வளர்த்தாள்.

தேசப்பனுக்கு முகம் அப்படியே அம்மா ஜாடை. சின்னக் கண், மேடான கன்னம், தாடி என்று சொல்லிக்கொள்ள ஏழெட்டு மயிர். வாயைத் திறந்தால் மட்டும் எண்ணூர். தெருக்குழாயடியில் சண்டை போட்டுக் கற்ற பாஷை அது, லேசில் போகாது. என் தங்கை சுகிர்தத்தைப் பெண் கேட்டு அவர் ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, என் அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"எண்ணூர் சார்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி ராயபுரம் பஸ் ஸ்டாண்டு சார். அங்கதான் எறங்கி நடந்து வந்தேன்."

அப்பா சிரித்துவிட்டார். பாதி கல்யாணம் அந்தச் சிரிப்பிலேயே முடிந்தது. மீதிப் பாதிக்கு நானும் தங்கையும் ஒரு வருஷம் அம்மாவிடம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது, அது வேறு கதை.

நானும் அவரும் எண்ணூரில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். ஆயுத பூஜைக்கு அங்கே நாடகம் போடுவது வழக்கம். எழுதுகிறவன் நான். நன்றாக எழுதுவேன் என்று நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது, ஏனென்றால் வேறு யாரும் சொல்வதில்லை. தேசப்பன் அந்த மேடையில் பண்ணையாராக வந்தார், ஹெட் கான்ஸ்டபிளாக வந்தார், மகளுக்கு மாப்பிள்ளை தேடி அலைந்து செருப்பு தேய்ந்த அப்பாவாக வந்து வெல்டிங் செக்‌ஷன் முழுவதையும் அழவைத்தார். ஒரு வருஷம் மாமியார் வேஷத்துக்குப் பேசி வைத்திருந்த அம்மாள் வராமல் போகவே, புடவை கட்டிக்கொண்டு மாமியாராகவும் வந்தார். இவர் எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஷிப்டில் பக்கத்தில் நிற்கிறவனிடம் யார் அதைக் கேட்பார்கள்?

எங்கள் மாதா கோவில் ஆட்கள்தான் கொஞ்சம் மோசம். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு அவரைக் கூப்பிட்டு, கிழக்கிலிருந்து வந்த ஞானிகளில் ஒருவராக ஆக்கிவிட்டார்கள். "இது ஞாயந்தான் மச்சான், நானு மெய்யாலுமே கெயக்கேர்ந்து வந்தவந்தானே" என்று அவர் சாம்பிராணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினார்.

சினிமா அவரைப் பிடித்தது எண்பதுகளின் கடைசியில். முகத்துவாரக்குப்பத்தில் கடத்தல் காட்சி ஒன்றை எடுக்க ஒரு கம்பெனி வந்திருந்தது. வேடிக்கை பார்க்கப் போன கூட்டத்தில் இவர் நின்றார். வெளிநாட்டு வில்லன் பக்கத்தில் நிற்க ஆள் தேடிக்கொண்டிருந்த ஏஜென்ட் இவரைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"நீ சைனாவா?"

"இன்னா சார் காலங்காத்தால. நானு பர்மா நகரு."

ஏஜென்ட் காதில் 'பர்மா' மட்டும் விழுந்திருக்கும் போலிருக்கிறது. கோட்டு மாட்டினார்கள், கறுப்புக் கண்ணாடி மாட்டினார்கள், வில்லனுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது. கூர்க்கா, சீன டாக்டர், கராத்தே வாத்தியார், ஹாங்காங் சூதாட்டக் கிளப் முதலாளி, ஒரு படத்தில் ஜப்பான் ராணுவ அதிகாரி, அதே படத்தில் இடைவேளைக்கு அப்புறம் கூர்க்கா. எங்கள் நாடகத்தின் செருப்பு தேய்ந்த அப்பாவுக்கு சினிமாவில் மூன்று வார்த்தைக்கு மேல் வசனம் கொடுத்தவர் இல்லை. அந்த மூன்றையும் வேறு யாரோ கிரீச்சிட்ட குரலில் டப்பிங் பேசினார்கள். எனக்கு அதில் வந்த கோபத்தில் பாதிகூட அவருக்கு வரவில்லை.

மா ச்சோவைத் திருவொற்றியூரில் ஒரு தியேட்டருக்கு அழைத்துப் போய் மகனைத் திரையில் காட்டினோம். அந்தம்மாள் தமிழை உடைத்து உடைத்துத்தான் பேசும். படம் முடிந்து வெளியே வந்ததும் கேட்டது: "வாய் நம் பிள்ளை. சத்தம் யார்? நம் பிள்ளை தமிழ் நல்லா பேசும். சினிமாக்காரன் அது தெரியாதா?"

தேசப்பன் பஸ்ஸில் வரும்போது என்னிடம் சொன்னார்: "ஒரே ஒரு தபா மச்சான். என் மூஞ்சி, என் கொரலு, நம்ம பேச்சு. மூணும் ஒண்ணா ஸ்கிரீன்ல வந்துடணும். அப்பால சினிமா என்னை வோணாம்னாலும் சரி."

அதற்குப் பிறகு சினிமாக்காரர்கள் அவரையே பேசச் சொன்னார்கள். ஆனால் தமிழை உடைத்துப் பேச வேண்டும், ஜனம் சிரிக்க வேண்டும். உடைந்த தமிழ் அவர் வீட்டிலேயே இருந்தது. அம்மா பேசுவதை அப்படியே பேசிக் காட்டினால் போதும், தியேட்டர் விழுந்து விழுந்து சிரித்திருக்கும். அவர் ஒரு முறைகூட அதைத் தொடவில்லை. தானாக ஏதோ ஒன்றை உருட்டிப் பேசினார். எங்கள் தொழிற்சாலை கேட்டில் நின்ற நிஜ நேபாளி அதைக் கேட்டுவிட்டு, "தேசப்பா, இது எந்த நாட்டுப் பாஷை?" என்று சுத்தமான தமிழில் கேட்டார். இரண்டு பேரும் கேரம் கூட்டாளிகள்.

மா ச்சோ மகனின் குரலைத் திரையில் கேட்காமலே போய்ச் சேர்ந்தாள். சுகிர்தமும் தியேட்டருக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஒரு படத்தில் காமெடியன் இவர் மண்டையில் தட்டித் தட்டி, "சாப், சாப்" என்று பேசவைக்கிற காட்சி ஒன்று வந்தது. தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள். என் தங்கை எழுந்து வெளியே வந்துவிட்டாள். "அவரு வேசம் கட்டிகினு இன்னா வேணா பண்ணட்டும். நான் காசு குட்த்து அதைப் பாக்க மாட்டேன்" என்றாள். சொன்னது சொன்னதுதான்.

வயசாக ஆக நிலைமை இன்னும் வேடிக்கையானது. மணலி, எண்ணூர் பக்கமெல்லாம் வடக்கிலிருந்து ஆட்கள் வேலைக்கு வந்து நிறைந்தபின், ஆட்டோக்காரர் முதல் பரோட்டாக் கடைக்காரர் வரை இவரிடம் இந்தியில் பேச ஆரம்பித்தார்கள். வெள்ளம் வந்த வருஷம் சடையங்குப்பம், பர்மா நகர் எல்லாம் தண்ணீரில் கிடந்தபோது, நிவாரண முகாமில் ஒரு தன்னார்வப் பிள்ளை இவர் தோளைப் பிடித்து, இந்தியில் அன்பாக ஏதோ சொல்லி, வடநாட்டுத் தொழிலாளர்கள் நின்ற சப்பாத்தி வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியது. இவர் வாயைத் திறக்காமல் சப்பாத்தியை வாங்கித் தின்றுவிட்டு, சுற்றிக்கொண்டு வந்து சாம்பார் சாத வரிசையிலும் நின்றார். "ஊருக்கு ரெண்டு பக்கமும் நம்மளுக்குப் பாத்யதை கீது மச்சான்" என்றார். வெள்ளத்தில் வீட்டுச் சாமானெல்லாம் போன நாள் அது. அன்றைக்கும் என்னைச் சிரிக்கவைத்தார்.

அவர் குரல் சினிமாவுக்குள் நுழைந்தது தற்செயலாகத்தான். ஒரு டப்பிங் தியேட்டர் வாசலில் நின்று, கேஸ் சிலிண்டர் போடாமல் போன ஆளைப் போனில் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே, காசிமேட்டு ரவுடியாக நடித்த வெளிமாநில நடிகர் ஒருவருக்குக் குரல் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். சவுண்ட் இன்ஜினியர் டீ குடிக்க வெளியே வந்தவர், டீயை மறந்து நின்றுவிட்டார். அன்று மாலையே தேசப்பன் அந்த ரவுடிக்குப் பேசிவிட்டு வந்தார்.

அந்தப் படம் நன்றாக ஓடியது. "அந்தாளு எந்த ஊரோ தெர்ல, நம்ம பேச்சை இன்னாமா சோக்கா பேசிகினு கீறாரு" என்று ராயபுரம் டீக்கடையில் அந்த நடிகரைக் கொண்டாடினார்கள். பக்கத்து பெஞ்சில் தேசப்பன் பட்டர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் என் தொடையைக் கிள்ளினார். அப்புறம் வெளிமாநிலத்திலிருந்து வந்த வெள்ளைத் தோல் ரவுடிகள் பல பேருக்கு அவர்தான் குரல். முகம் ஒரு படத்தில் கூர்க்கா, குரல் இன்னொரு படத்தில் தாதா. இரண்டும் ஒரே படத்தில் வந்து மோதிக்கொண்டது போன வருஷம்தான்.

இயக்குநர் பெயர் மகிழினி. வியாசர்பாடிப் பெண், முதல் படம். கதை முழுக்க எங்கள் பக்கம். தயாரிப்பாளர் பம்பாய் நடிகரைத் தாதாவாகப் போட்டே ஆக வேண்டும் என்று நின்றதால், குரலாவது இந்த மண்ணின் குரலாக இருக்கட்டும் என்று அந்தப் பெண் தேசப்பனைப் போனிலேயே தேடிப் பிடித்தாள். அதற்கு முன்பே வேறொரு ஏஜென்ட் வழியாக, அதே படத்துக்கு கூர்க்காவாகவும் அவரை அனுப்பியிருந்தார்கள். இரண்டும் ஒரே ஆள் என்பது டப்பிங் அன்று அவர் உள்ளே நுழைந்தபோதுதான் மகிழினிக்குத் தெரிந்தது. "அண்ணே, நீங்களா அது?" என்று சிரித்தாள்.

நானும் கூடப் போயிருந்தேன். ரிட்டையர் ஆனதிலிருந்து அவர் டப்பிங் போகிற நாளெல்லாம் நானும் போவேன். ஏசியில் உட்காரலாம், வரும்போது வடபழனியில் நல்ல போண்டா கிடைக்கும்.

காட்சி இதுதான். தாதாவின் கார் ஒரு பங்களா வாசலில் வந்து நிற்கிறது. கூர்க்கா கேட்டைத் திறக்கத் தாமதிக்கிறார். தாதா இறங்கி வந்து அவர் சட்டையைப் பிடிக்கிறான். "எங்கேர்ந்துடா வந்த நீ? எங்க பேட்டையில வந்து எங்களுக்கே கேட்டு சாத்துறியா?" கூர்க்கா அவனை நிமிர்ந்து பார்த்து, "ஹம் நேபாள் சாப்" என்கிறார். தாதா ஒரு கணம் உற்றுப் பார்க்கிறான், உடனே கடகடவென்று சிரித்து, அவர் கன்னத்தை இரண்டு முறை தட்டிவிட்டு உள்ளே போகிறான்.

தாதாவின் குரலை தேசப்பன் ஒரே டேக்கில் பிய்த்து உதறினார். அடுத்தது அவருடையதே. திரையில் அவர் முகம் வந்தது. முழுத் திரைக்கும் அவர் முகம். இத்தனை வருஷ சினிமாவில் அவருக்குக் கிடைத்த முதல் குளோசப் அது. ஸ்பீக்கரில், சற்று முன் அவரே பேசிய குரல் அவரைப் பார்த்துக் கேட்டது: "எங்கேர்ந்துடா வந்த நீ?"

அவர் பேசவில்லை. அந்தத் துண்டுக் காட்சி ஓடி முடிந்தது. தண்ணீர் கேட்டார், குடித்தார். மறுபடி போட்டார்கள். மறுபடியும் பேசவில்லை. கண்ணாடிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு, என் அப்பாவில் தொடங்கி எத்தனை பேர் அவரிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள் என்று தெரியும். மூன்றாம் முறை போட்டார்கள். அவர் மைக்கிடம் நெருங்கி, சத்தம் போடாமல், தெருமுனையில் நின்று பேசுவதுபோல் பேசினார்.

"நம்ம பேட்டதாம்பா."

உதட்டசைவு அப்படியே ஒட்டியது. 'ஹம்' என்று வாய் மூடுகிற இடத்தில் 'நம்ம', 'நேபாள்' என்று மூடுகிற இடத்தில் 'பேட்ட', 'சாப்' முடிகிற இடத்தில் 'பா'. அதற்கப்புறம் தாதா உற்றுப் பார்ப்பதும் சிரிப்பதும் கன்னத்தைத் தட்டுவதும் வேறு காட்சியாக இருந்தது. நம்மாளைத் தெரியாமல் மிரட்டிவிட்டோமே என்று ஒருவன் சிரிக்கிற சிரிப்பு. சவுண்ட் இன்ஜினியர் கையை மேசையில் தட்டிச் சிரித்தார்.

மகிழினி சிரிக்கவில்லை. "அண்ணே, கதைப்படி அவரு நேபாள்காரரு" என்றாள் மெல்ல.

"சரிம்மா. உன் படம், நீ எயுதுனது. எயுதுன மாரியே ஒண்ணு குட்த்துடறேன்" என்றார் தேசப்பன். "ஹம் நேபாள் சாப்" என்று பேசியும் கொடுத்தார், குறையில்லாமல். இரண்டும் பதிவாகி இருந்தது. எது படத்தில் வரும் என்று அந்தப் பெண் சொல்லவில்லை. நானாக இருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். அவரோ போண்டா தின்னும்போதுகூட அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் வீட்டுக்குப் போய் சுகிர்தத்திடம் சொல்லிவிட்டார். நான் வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். அந்த வசனம் படத்தில் வராமல் போனால் என்ன செய்வது? சுகிர்தம் கேட்டுவிட்டு அரிசி களைந்துகொண்டே, "அந்தப் படத்துக்கு நான் வருவேன்" என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் அப்புறம் தூக்கம் சரியாக வரவில்லை.

படம் வந்த முதல் நாள், பகல் காட்சி. மா ச்சோவை அழைத்துப் போன அதே தியேட்டர், இப்போது இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். சுகிர்தம் கோவிலுக்குக் கட்டுகிற பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே போகும் முன் தேசப்பன் கேன்டீனில் டீ வாங்கப் போனார். கவுன்டரில் நின்ற இளைஞன் நிமிர்ந்து பார்த்து, "க்யா சாஹியே, பாய்?" என்று, என்ன வேண்டுமென இந்தியில் கேட்டான்.

"மூணு டீ குடு நைனா. சக்கரை கம்மியா."

அவன் வியந்துபோனான். "தமிழ் நல்லா பேசுறீங்களே பாய். எத்தினி வருசமா இங்க கீறீங்க?"

"கொஞ்ச வருசமாதான்" என்றார் இவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுகிர்தம் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

படம் எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த கேட் காட்சி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்குக் கதையே ஏறவில்லை. வந்தது. கார் வந்து நின்றது. தாதா சட்டையைப் பிடித்தான். "எங்கேர்ந்துடா வந்த நீ?" சுகிர்தம் தன் கழுத்துச் சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டாள். தேசப்பன் திரையைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம பேட்டதாம்பா."

தியேட்டர் வெடித்தது. விசில், கைதட்டல், சீட்டைத் தட்டுகிறார்கள், பேப்பரைக் கிழித்துப் பறக்கவிடுகிறார்கள். அடுத்த வசனம் ஒருவருக்கும் கேட்கவில்லை. அந்த வசனமும் தேசப்பன் குரல்தான், பரவாயில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

அப்போதுதான் பின் வரிசையில் ஒரு பையன் தன் தோஸ்திடம் சொன்னான்: "வடநாட்டாளுக்கு எவனோ நம்மாளு டப்பிங் குட்த்துகீறான் மச்சி. சும்மா தாறுமாறு."

நான் திரும்புவதற்கு முன் என் தங்கை எழுந்துவிட்டாள். பட்டுப்புடவையோடு, இருட்டில், அவர்களைப் பார்த்து நின்றாள். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

"அது என் வூட்டுக்காரரு தம்பி. மூஞ்சியும் அவர்துதான், கொரலும் அவர்துதான். தோ, குந்திகினு கீறாரு பாரு."

இடைவேளை விளக்கு போட்டதும் அந்த வரிசை முழுக்க எங்கள் சீட்டைச் சுற்றி நின்றது. ஆளாளுக்கு செல்பி எடுத்தார்கள். அந்த வசனத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். இவர் சொல்லச் சொல்லக் கத்தினார்கள். எந்தத் தெரு என்று கேட்டார்கள், சொன்னதும் "அட, எங்க அத்தை வூட்டாண்ட" என்றான் ஒருவன். அதற்கு முன்னாடி எந்த ஊர் என்று ஒருவனும் கேட்கவில்லை. அப்படியே அவரைத் தள்ளிக்கொண்டு கேன்டீன் வரைக்கும் வந்தார்கள்.

கவுன்டரில் அதே இளைஞன். கூட்டத்தைப் பார்த்தான், நடுவில் இருந்தவரைப் பார்த்தான். விஷயம் அதற்குள் அவன் காதுக்கும் வந்திருந்தது போல. துணியை எடுத்து மேடையைத் துடைத்துவிட்டுக் கேட்டான்:

"இன்னா வோணும், நைனா?"

தேசப்பன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. எத்தனையோ தாதாக்களுக்குப் பேசிய வாய், ஒரு டீ கேட்க முடியாமல் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரித்தார், மறுபடி துடைத்துக்கொண்டார்.

"மூணு டீ குடுப்பா" என்றாள் சுகிர்தம். "அவருக்கு சக்கரை கம்மியா."